வெறுங்கால் யாத்திரையை நிறுத்திய முத்திரை

அனுப்புநர்:
தே. சுடர்விழி (வயது 26),
த/பெ தேவதாஸ்,
கோயில் பின்தெரு,
நெல்லித்தோப்பு,
புதுச்சேரி – 605 005.

பெறுநர்:
உயர்திரு குறைதீர் அலுவலர் அவர்கள்,
வெளிநாட்டுப் பயணிகள் குறைதீர் பிரிவு,
புதுச்சேரி.

பொருள்: மலேசியாவில் உள்ள புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு யாத்திரையாகவும், அங்குள்ள முதியோர் இல்லத்தில் தொண்டு செய்யவும் புறப்பட்ட என்னை விமான நிலையத்தில் திருப்பி அனுப்பியது – பாஸ்போர்ட்டில் குத்திய ரத்து முத்திரையைச் செல்லாததாக்கவும், வரும் ஜனவரியில் நான் மீண்டும் செல்ல வழிவிடவும் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. ஆகஸ்டு மாதம் நான் அனுப்பிய மனு (பதில் இல்லை).
2. செப்டம்பர் மாதம் நான் அனுப்பிய நினைவூட்டு மனு (அதற்கும் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். முதல் மனுவைப் பணிவோடு எழுதினேன். நினைவூட்டு மனுவையும் பணிவோடுதான் எழுதினேன். இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. ஆகவே இந்த மூன்றாவது மனுவில் மரியாதை குறையாது, பணிவு மட்டும் கொஞ்சம் குறையும் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். எழுதியது நான். தட்டச்சு செய்து தந்தவர் எங்கள் விடிவெள்ளி இளையோர் இயக்கத்தின் செயலாளர் இனியா. "இப்படியெல்லாம் எழுதுனா ஆபீசர் கோவிச்சுக்குவாங்கடி" என்று அவர் சில வரிகளை எடுத்துவிட்டார். நான் திரும்பப் போட்டுவிட்டேன்.

1. நான் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் யாகூப் பாய் என்பவரின் கிரில் கேட் பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவள். பொம்பளைப் பிள்ளை வெல்டரா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் அதை இங்கே விரிக்கவில்லை. அப்பா மில்லில் இருந்தார். மில் மூடிய பிறகு ஆட்டோ ஓட்டுகிறார். நான் பத்தாம் வகுப்பில் தேறவில்லை. அறிவியல் காலை வாரிவிட்டது. அதனால் என் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்றொரு குறிப்பு இருக்கிறது.

2. எங்கள் ஊரில் இ.சி.ஆர். என்றால் கடலோரமாகச் சென்னைக்குப் போகும் சாலை. பாஸ்போர்ட்டில் அதற்கு அர்த்தம் வேறு. பத்தாம் வகுப்பு தேறாத இவர் சில நாடுகளுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால் அரசின் முன் அனுமதி வேண்டும் என்பதே அது. ஏஜெண்டுகளிடம் சிக்கி எங்களைப் போன்றவர்கள் சீரழியக் கூடாது என்று வந்த சட்டம், நல்ல சட்டம்தான். ஆனால் வேலைக்குப் போனால்தான் அந்த அனுமதி. யாத்திரைக்கோ சுற்றுலாவுக்கோ போகிறவர்களுக்கு வேண்டியதில்லை. இது என் சொந்தச் சரக்கு அல்ல, அரசே வெளியிட்ட விளக்கம். நகல் இணைத்திருக்கிறேன்.

3. கடந்த ஜூலை மாதம் அன்னம்மாள் திருவிழாவுக்காக எங்கள் இயக்கத்திலிருந்து பதினோரு பேர் மலேசியாவின் பினாங்குப் பக்கம் உள்ள திருத்தலத்துக்குச் செல்வதாக ஏற்பாடு. திருவிழா முடிந்ததும் அருகிலுள்ள முதியோர் இல்லத்தில் ஒரு வாரம் தங்கி வேலை செய்வது என்பதும் அதே ஏற்பாட்டில் சேர்த்தி. அந்த இல்லத்தில் இருப்பவர்கள் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிப் பிழைத்த நம் தமிழர்கள். இல்லத்தின் சிற்றாலயம் மேட்டில் இருக்கிறது. அதற்குச் சாய்தளம் போடுவதற்கு எங்கள் குழுவின் கொத்தனார் முகிலன், அதன் இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி வைப்பதற்கு நான். வெல்டிங் மெஷின் அங்கே கிடைக்கும் என்றார்கள். கைக்குப் பழகிய சாமான்களை மட்டும் எடுத்துச் செல்வது என்று முடிவு செய்தோம்.

4. இந்த இடத்தில் எங்கள் பங்கின், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த சபையின், வழக்கம் ஒன்றைத் தங்களுக்கு விளக்க வேண்டும். அது தெரியாததால்தான் இவ்வளவும் நடந்தது.

எங்கள் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கோயில் கொடிமரத்தடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் புறப்படுவார்கள். போகிற தலத்தின் வாசற்படியைக் கையால் தொட்டு முத்தமிட்ட பிறகுதான் காலில் எதையும் போடலாம். இரண்டாவது, வேண்டுதலோடு போகிறவர் அந்த வேண்டுதல் இன்னதென்று வாசற்படியைத் தொடும் வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. பெற்றவர்களிடம் கூடாது, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடக் கூடாது. சொன்னால் பலிக்காது என்பது நம்பிக்கை. தாங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை.

5. விமானத்தில் போகிற யாத்திரைக்கு இந்த வழக்கம் உண்டா இல்லையா என்று எங்கள் இயக்கக் கூட்டத்தில் பெரிய சர்ச்சையே நடந்தது. "பிளேன்ல எவன்டி வெறுங்கால்ல போவான்?" என்று சிரித்தார்கள். அன்னம்மாள் யார்? வேளாங்கண்ணி மாதாவைப் பெற்ற தாய். மகள் வீட்டுக்குப் போக ஒரு முறை, தாய் வீட்டுக்குப் போக வேறு முறையா என்று நான் கேட்டேன். சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். விருப்பமுள்ளவர்கள் வழக்கப்படி போகலாம் என்று பங்குத்தந்தை தீர்ப்புச் சொன்னார். நான், முகிலன், இனியா மூவரும் கொடிமரத்தடியில் செருப்பைக் கழற்றினோம். மற்ற எட்டுப் பேரும் ஷூ போட்டுக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, அவரவர் பக்தி அவரவர்க்கு. பங்குத்தந்தை என் வெல்டிங் ஷீல்டையும் ரசமட்டத்தையும் முகிலனின் கரணையையும் பீடத்தின் மேல் வைத்து மந்திரித்தார். இனியாவின் அம்மா அவற்றுக்கு மல்லிகைச் சரம் சுற்றிவிட்டார்.

6. இனி சென்னை விமான நிலையம். அங்கே பாஸ்போர்ட் பார்க்கும் வரிசையில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு 'சொல்தா' வீடு உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டுப் பையனும் எங்கள் குழுவில் இருந்தான். அவனுடைய பிரெஞ்சு பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அலுவலர் புன்னகையோடு அனுப்பிவைத்தார். இனியா பி.காம். படித்தவர். வெறுங்காலோடு போனார், முத்திரை விழுந்தது, தாண்டிவிட்டார். என் பாஸ்போர்ட்டிலும் புறப்பாட்டு முத்திரையைக் குத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் அந்த அலுவலர் இ.சி.ஆர். குறிப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு எட்டி என் காலைப் பார்த்தார்.

7. அவர் என்னிடம் கேட்டதும் நான் சொன்னதும் கீழே. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"செருப்பு எங்கம்மா?" என்று கேட்டார். "கோயில்ல இருக்கு சார்" என்றேன். உண்மை அதுதான். அவரோ நான் நக்கல் செய்வதாக நினைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் குரல் மாறிவிட்டது.

பெட்டியில் என்ன என்றார். ரசமட்டம், மூலைமட்டம், சிப்பிங் சுத்தி, கையுறை, ஷீல்டு என்று சொன்னேன். எதற்கு என்றார். கைப்பிடிக் கம்பி வைக்க என்றேன். அப்படியென்றால் வேலைக்குத்தான் போகிறாய் என்றார். கூலி வாங்காத வேலை என்று விளக்கினேன். "கூலி இல்லாம எவம்மா வேல செய்வான்? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றார்.

என்ன காரணத்துக்காக யாத்திரை என்று கேட்டார். வேண்டுதல் என்றேன். என்ன வேண்டுதல் என்றார். "அதச் சொல்லக் கூடாது சார்" என்றேன். "கவர்மெண்டு ஆபீசர் கேக்குறேன், எங்கிட்டயே சொல்ல மாட்டியா?" என்றார். அன்னம்மாளிடம் மட்டும்தான் சொல்ல முடியும் என்று கைகூப்பிச் சொன்னேன். அவர் எழுந்து போய் இன்னொருவரை அழைத்து வந்தார். அவரும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன்.

8. அதோடு சரி. "பயண நோக்கத்தைத் தெரிவிக்க மறுத்தார்" என்று குறிப்பு எழுதி, குத்திய முத்திரையின் மேலேயே ரத்து முத்திரையையும் குத்தி, பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற, என்னைப் போலவே இ.சி.ஆர். குறிப்புள்ள முகிலனுக்கும் இதே கதி. பங்குத்தந்தையின் கடிதத்தையும் முதியோர் இல்லத்தின் அழைப்புக் கடிதத்தையும் நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்தார்களே ஒழிய பிரித்துப் பார்க்கவில்லை.

9. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இனியா நின்றுகொண்டிருந்தார். தானும் திரும்பி வந்துவிடுவதாகச் சைகை காட்டினார். போடி என்று நான்தான் கையை வீசித் துரத்தினேன். முகிலன் அழுதான். நான் அங்கே அழவில்லை. அந்த இடத்துத் தரை குளிரில் கால் விறைத்துப்போயிருந்தது. துடைப்பமும் கையுமாக வந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் தன் செருப்பைக் கழற்றி, "போட்டுக்க கண்ணு, எனக்கு வேற இருக்கு" என்றார். வேண்டுதல் என்று சொன்னேன். உடனே என் தலையில் கை வைத்து, "அப்ப வேணாம், நல்லாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன வேண்டுதல் என்று அவர் கேட்கவில்லை. புதுச்சேரி பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுதேன். மரக்காணம் தாண்டும் வரைக்கும் அழுதேன். இதை எழுத வேண்டாம் என்று இனியா சொன்னார். நடந்ததை எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை.

10. அலுவலர் சந்தேகப்பட்டது தவறு என்று நான் வாதாட வரவில்லை. சந்தேகப்படுவது அவர் வேலை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் எது என்பதை எனக்கு எழுத்தில் தர வேண்டும். வெறுங்கால்தான் காரணம் என்றால் இனியாவும் வெறுங்கால்தான். சாமான்கள்தான் காரணம் என்றால், என் பெட்டியில் எடை கூடிப்போனதால் கிளாம்புகளும் வெல்டிங் ராடுக் கட்டும் இனியாவின் பெட்டியில்தான் இருந்தன. அவை மலேசியா போய்ச் சேர்ந்துவிட்டன. வேண்டுதலைச் சொல்லாதது காரணம் என்றால், இனியாவுக்கும் வேண்டுதல் உண்டு, அவரும் யாரிடமும் சொல்லவில்லை, அவரை யாரும் கேட்கவுமில்லை. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுதான். பத்தாம் வகுப்பு தேறாதவளுக்குப் பக்தி இருக்காது, பிழைப்பு மட்டும்தான் இருக்கும் என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்கு எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று தெரிவிக்கவும்.

11. கூலி இல்லாமல் யார் வேலை செய்வார் என்று கேட்டாரே, அதற்கு அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். போன ஆண்டுப் புயலில் நெல்லித்தோப்பே தண்ணீரில் மிதந்தது. வீட்டுக் கதவுகள் பெயர்ந்து போயின. எங்கள் இயக்கம் வீடு வீடாகப் போய்க் கதவு மாட்டிக் கொடுத்தது. இந்து வீடு, முஸ்லிம் வீடு, நம் வீடு என்று பார்க்கவில்லை. கீல் அறுந்த இரும்புக் கேட்டுகளுக்கெல்லாம் நான்தான் பற்ற வைத்தேன். மெஷினைக் கொடுத்து, அதைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியவர் யாகூப் பாய். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள், இன்னொரு வீட்டில் பிரியாணி. அதைக் கூலி என்று கணக்கில் எடுத்துக்கொண்டால் நான் குற்றவாளிதான்.

12. இப்போது என் நிலைமை என்ன என்பதைச் சொல்கிறேன். மனுவின் முக்கியமான பகுதி இதுதான்.

நான் கொடிமரத்தடியில் கழற்றிய செருப்பை இன்னும் போடவில்லை. போட முடியாது. வாசற்படியைத் தொடவில்லையே!

ஜூலையிலிருந்து வெறுங்காலோடு நடக்கிறேன். நெல்லித்தோப்பு மார்க்கெட், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை, ரேஷன் கடை, துக்க வீடு, கல்யாண வீடு எல்லா இடத்துக்கும் அப்படித்தான். ஆகஸ்டு வெயிலில் தார் ரோடு சுட்டது. இப்போது ஐப்பசி மழையில் சாக்கடையும் ரோடும் ஒன்றாகிவிட்டதால் எதில் கால் வைக்கிறேன் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

அது எனக்குப் பெரிதல்ல. வெறுங்காலோடு இருப்பவரை வெல்டிங் முனையில் நிறுத்தக் கூடாது என்பது பட்டறை விதி. யாகூப் பாய் என்னை வெல்டிங் ஹோல்டரைத் தொட விடுவதில்லை. "நீ சாமிக்கு வச்சத நான் குறுக்க நின்னு கெடுக்க மாட்டேன்மா. ஆனா பொறி உன் கால்ல விழுந்தா அல்லாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றார். நியாயமான பேச்சு. அதனால் நான் இப்போது மூலையில் உட்கார்ந்து கேட்டுகளுக்கு ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். சேர்ந்த புதிதில் என்னிடம் கொடுத்த வேலை அது. நான் கற்றுக்கொடுத்த பையன்கள் பற்ற வைக்கிற சத்தம் காதில் விழும்போதெல்லாம் கை பரபரக்கிறது. இன்னும் நாலு மாதம் இப்படியே போனால் என் கைக்கே அந்த வேலை மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இந்த மனுவில் நான் பயம் என்று எழுதுவது இந்த ஓரிடத்தில் மட்டுமே.

13. சமாதானம் சொன்னவர்கள் ஏராளம். அவற்றுக்கு நான் சொன்ன பதிலையும் பதிவு செய்கிறேன், ஏனென்றால் தங்கள் அலுவலகமும் இதையே சொல்லக்கூடும்.

இனியா அங்கே திருத்தலத்தின் வாசற்படியில் நின்றுகொண்டு வீடியோ காலில் கூப்பிட்டார். போனைப் படியில் வைக்கிறேன், நீ இங்கிருந்து திரையைத் தொடு என்றார். நல்ல மனசு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேண்டுதலை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்து போய்விட்டுச் செருப்பைப் போட்டுக்கொள் என்று தெருவே சொன்னது. வில்லியனூருக்கு நான் ஆண்டுதோறும் போகிறவள். இந்த முறையும் போனேன். அங்கே வேறு கும்பிடு. தாயிடம் சொல்ல வேண்டிய சேதியை மகளிடம் போய்த் தீர்த்துக்கொள்ள முடியாது.

பங்குத்தந்தையும் கூப்பிட்டு, "நான் விலக்குத் தர்றேன்மா, அன்னம்மாள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார். முகிலன் அந்த விலக்கை வாங்கிக்கொண்டான். அவனுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது, மூன்றாம் மாடிச் சாரத்தில் ஏறி நிற்கிறவன், வெறுங்கால் ஆகாது. அவன் செய்தது சரி. நான் மறுத்துவிட்டேன். அன்னம்மாள் கோபிக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும் சாமி, நான்தான் கோபமாக இருக்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, இந்த மனுவுக்கு ஒரு சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதையும் இணைத்திருக்கிறேன்.

14. இதற்கிடையில் தெருவில் ஒரு பேச்சு. "தேவதாஸ் பொண்ண மலேசியாவுலேர்ந்து தொரத்திட்டாங்களாம்" என்று. யாரோ ஓர் ஏஜெண்டோடு ஓடப் பார்த்தேனாம், போலீஸ் பிடித்ததாம். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் இதை என் அப்பாவின் காதுபடவே சொல்லியிருக்கிறார். "அவ ஏர்போர்ட்டயே தாண்டலயேடா, மலேசியாக்காரன் எங்கேர்ந்து தொரத்துறது?" என்று அப்பா கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை. என் அப்பாவைச் சாப்பிடாமல் இருக்க வைத்த குறிப்பு தங்கள் துறையின் கணினியில் இருக்கிறது. "தெரிவிக்க மறுத்தார்" என்ற அந்த இரண்டு வார்த்தைகள்.

15. முதியோர் இல்லத்தின் நிலைமையையும் சேர்த்துக்கொள்ளவும். முகிலன் இல்லாமலேயே எங்கள் ஆட்கள் உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிடித்து எப்படியோ சாய்தளம் போட்டுவிட்டார்கள். கைப்பிடிக் கம்பி இல்லை. கம்பிக்கான குழாய்கள் அளவு வெட்டாமல் சுவர் ஓரமாகச் சாத்தியபடி நிற்கின்றன. பெரியவர்கள் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு பூசைக்கு ஏறுகிறார்களாம். மழையில் கயிறு வழுக்குகிறது என்று அங்குள்ள அருட்சகோதரி இனியாவிடம் சொல்லியிருக்கிறார். அங்கே ஆள் கிடைக்காமல் இல்லை. சுடர்விழி வருவாள் என்று நாங்கள் வாக்குக் கொடுத்தோம், அவர்கள் காத்திருக்கிறார்கள். எங்கள் இரண்டாவது குழு வரும் ஜனவரி மாதம் பொங்கல் கழித்துப் புறப்படுகிறது. அதில் என் பெயரும் இருக்கிறது.

16. நண்பர்கள் எனக்குப் பல யோசனைகள் சொல்கிறார்கள். இந்த முறை நல்ல ஷூ போட்டுக்கொண்டு போ, சாமான்களை இங்கேயே விட்டுவிடு, சுற்றுலா என்று மட்டும் சொல், சுற்றிப் பார்க்கிற இடம் நாலு பெயரை மனப்பாடம் செய்துகொள், வேண்டுதல் என்று வாயே திறக்காதே என்கிறார்கள். அதாவது பொய் சொன்னால் போகலாம், உண்மை சொன்னால் திரும்பி வர வேண்டும். தங்கள் அலுவலகம் எனக்கு இதைத்தான் கற்றுக்கொடுக்க விரும்புகிறதா?

ஐயா, நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஜனவரியில் இதே வெறுங்காலோடுதான் வருவேன். இதே ரசமட்டத்தைத்தான் எடுத்து வருவேன், மல்லிகைச் சரத்தோடு. எங்கே போகிறாய் என்றால் அன்னம்மாளிடம் என்பேன். எதற்கு என்றால் வேண்டுதல் என்பேன். என்ன வேண்டுதல் என்றால், அப்போதும் சொல்ல மாட்டேன். அதற்காக மறுபடியும் திருப்பி அனுப்பினால் திரும்பி வந்து நாலாவது மனு எழுதுவேன். நான் சோர்ந்துவிடுவேன் என்று யாரும் மனப்பால் குடிக்க வேண்டாம்.

17. ஆகவே நான் கோருவது:

அ) என் பாஸ்போர்ட்டில் உள்ள ரத்து முத்திரை என் மீதான குற்றமல்ல என்றும், அது மேற்கொண்டு என் பயணத்துக்குத் தடையாகாது என்றும் எழுத்தில் தர வேண்டும்.

ஆ) "பயண நோக்கத்தைத் தெரிவிக்க மறுத்தார்" என்ற குறிப்பை நீக்கி, "நோக்கம்: யாத்திரையும் தொண்டும்" என்று திருத்த வேண்டும். நான் அன்று சொன்னது அதைத்தான்.

இ) கூலியில்லாத் தொண்டுக்கும் யாத்திரைக்கும் செல்கிறவரிடம் வேலைக்கான அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதை, பாஸ்போர்ட் பார்க்கும் அலுவலர்களுக்குத் தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். எனக்காக மட்டும் கேட்கவில்லை. அன்று எங்களுக்கு முன்னால் ஒரு ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்தவர்களின் முகங்களையும் பார்த்தேன். எல்லாம் எங்களைப் போன்ற முகங்கள்.

போன டிக்கெட்டுப் பணத்தை நான் கேட்கவில்லை. இழப்பீடு கேட்கவில்லை. அந்த அலுவலர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லியும் கேட்கவில்லை. அவருக்கும் வீட்டில் ஏதாவது வேண்டுதல் இருக்கும்.

18. கடைசியாக, இந்த மனுவோடு வரும் அட்டைப்பெட்டியைப் பற்றி. தபால் பிரிவில் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதற்குள் இருப்பது ஒரு ஜோடி புதிய பாதுகாப்புக் காலணி. முனையில் இரும்புத் தகடு வைத்தது, என் அளவு. நான் திரும்பி வெல்டிங் முனைக்கு வருகிற நாளில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று யாகூப் பாய் வாங்கிக் கொடுத்தார். பட்டறையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது, ஒரு பலவீனமான நாளில் கால் தானாக உள்ளே போய்விடுமோ என்று. அதனால் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கிறேன். கோப்பு அலமாரியில் வைக்க வேண்டாம், தங்கள் மேசை மேலேயே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் மனு நினைவிலிருந்து நழுவினாலும் அது கண்ணில் படும்.

ஜனவரியில் வாசற்படியைத் தொட்டுவிட்டு வந்ததும் நேரில் வந்து அதைப் பெற்றுக்கொள்கிறேன். படியைத் தொட்ட பிறகு வேண்டுதலை வெளியே சொல்லலாம் என்பது எங்கள் வழக்கம். என் அப்பா இன்றுவரை கேட்கவில்லை. இனியா கேட்கவில்லை. யாகூப் பாய் கேட்கவில்லை. முதன்முதலில் கேட்டது அரசுதான். ஆகவே அது இன்னதென்று முதலில் தங்களிடம்தான் சொல்வேன். அதுவரை காலணி அங்கே இருக்கட்டும், வேண்டுதல் என்னிடம் இருக்கட்டும்.

தக்க ஆணையைப் பொங்கலுக்கு முன் எதிர்பார்க்கும்,

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) தே. சுடர்விழி

இடம்: நெல்லித்தோப்பு, புதுச்சேரி
நாள்: 10-11-2025

இணைப்பு:
1. பாஸ்போர்ட் நகல் (ரத்து முத்திரை உள்ள பக்கம்)
2. யாத்திரைக்கு முன் அனுமதி தேவையில்லை என்ற அரசு விளக்கத்தின் நகல்
3. முதியோர் இல்லத்தின் அழைப்புக் கடிதம் (இந்த முறை பிரித்தே வைத்திருக்கிறேன்)
4. பங்குத்தந்தையின் சான்றுக் கடிதம்
5. பாதுகாப்புக் காலணி, ஒரு ஜோடி, இதுவரை போடாதது. பெற்றுக்கொண்டதற்கு ரசீது தரவும்.